கைக்குழியைத் தாழ்த்தாதீர்கள்: பழங்கால உடைகளின் கை பற்றிய கேள்வி பதில்

நாடகங்களுக்கும் தேவாலய விழாக்களுக்கும் பழைய ஐரோப்பிய உடைகளைத் தைக்கும் மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளுக்கு, மட்டக்களப்பில் 30 ஆண்டுகளாகத் தையல் கற்பித்துவரும் ஆசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்.

கல்லடி: ரீச்சர், 1638இல் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமானதை நாடகமாக்குகிறோம். கணவனைக் கப்பலேற்றி அனுப்பும் ஒல்லாந்து வணிகரின் மனைவிக்கு, தோளில் உயர்ந்து நிற்கும் பெரிய பஃப் கை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் கை 1890களுக்குரியது. 1895ஆம் ஆண்டளவில்தான் அது தன் உச்ச அளவை எட்டியது. 1630களின் கை வேறு விதமானது. அகன்ற கையை நீளவாக்கில் பட்டிகளாகப் பிரித்து, முழங்கையருகே நாடாவால் கட்டி, மேலும் கீழுமாக இரண்டு உப்பல்களாக ஆக்குவார்கள். முதலில் கைக்கு ஒட்டிய உட்துணிக் கை ஒன்றைத் தைத்து, அதன் மேல் பட்டிகளைப் பொருத்துங்கள். பட்டியை உட்துணியின் நீளத்துக்கே வெட்டினால் உப்பல் வராது. உட்துணி 30 சென்ரிமீற்றர் என்றால் பட்டிக்கு 40 வைத்து, மிகுந்த நீளம் வெளியே உப்பி நிற்கும்படி மேல் விளிம்பிலும் நாடா கட்டும் இடத்திலும் உட்துணியோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்று: ரீச்சர், 18ஆம் நூற்றாண்டுக் கவுன் தைத்தேன். நடிக்கும் பிள்ளை கையை உயர்த்தினால் உடுப்பு முழுவதும் மேலே ஏறுகிறது. கைக்குழியை, அதாவது உடுப்பில் கை பொருத்தும் துளையை, இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் கீழே வெட்டினால் சரியாகுமா?

பதில்: கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். கைக்குழியைத் தாழ்த்தினால் கை தாராளமாக அசையும் என்பது பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. கை அசைவது தோள்மூட்டில். கைக்குழியின் அடிப்பகுதி அக்குளை ஒட்டி இருந்தால், கை உயரும்போது சட்டையின் கை மட்டும் உயரும். அது அக்குளை விட்டு எவ்வளவு இறங்குகிறதோ, அக்குளிலிருந்து இடுப்பு வரையுள்ள பக்கத்தையல் அவ்வளவு குறுகிவிடுகிறது. கை உயரும்போது அந்தக் குறுகிய துணி இடுப்பையே இழுத்துக்கொண்டு ஏறுகிறது. பழைய உடைகளில் கைக்குழி சிறியதாகவும் உயரமாகவும் இருப்பது இதனால்தான்.

ஏற்கெனவே ஆழமாக வெட்டிவிட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். அக்குளில் கைத்தையலும் பக்கத்தையலும் சந்திக்கும் இடத்தைப் பிரித்து, சுமார் 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரத் துணியொன்றைச் சாய்சதுரமாக நிற்கும்படி பொருத்துங்கள். துண்டு போட்டுத் தைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணி விலை மிகுந்திருந்த அக்காலத்தில் தேர்ந்த தையற்காரர்களும் அப்படித்தான் தைத்தார்கள்.

அந்த நூற்றாண்டுக் கையை இன்றைய முறையில் முழுவட்டமாகப் பொருத்தவும் வேண்டாம். அடிப்பாதியை மட்டும் வழக்கம்போல் உட்புறமாகத் தைத்துக்கொண்டு, உடுப்பைப் பிள்ளைக்கு அணிவித்து, மேற்பாதியைத் தோளின் மேல் மடிப்புகளாகக் குண்டூசியிட்டு உட்துணியோடு தைத்து, அந்த விளிம்பைத் தோள்பட்டியால் மூடுவதே அன்றைய முறை.

கல்முனை: அக்கா, நான் 20 வருடமாகத் தையற்கடை நடத்துகிறேன். நம்முடைய வெக்கையில் இறுக்கமான கைக்குழி வைத்தால் வியர்வையில் துணி இற்றுப்போகும், பிள்ளைகளுக்கு அக்குளும் புண்ணாகும். புத்தகத்தில் உள்ளது குளிர்நாட்டுக்குச் சரி.

பதில்: தம்பி, வியர்வை பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதற்கான தீர்வில்தான் நான் மாறுபடுகிறேன். உயரமான கைக்குழி என்றால் இறுக்கமான கைக்குழி என்று பொருளல்ல. அக்குளை வெட்டுவது பெரும்பாலும் கைக்குழியின் உயரமன்று. முன்பக்க வளைவு போதிய அளவு குடையப்படாமையும், உள்ளே தடித்து நிற்கும் தையல் விளிம்புமே. முன்வளைவைச் சற்றுக் குடைந்து, அக்குளின் கீழ் விளிம்பை ஆறு மில்லிமீற்றராகக் குறைத்து, இரண்டு வரித் தையல் போட்டுப் பாருங்கள். வியர்வைக்கு, கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தித் துணி அட்டையை அக்குளில் இணைக்கலாம். குளிர்நாட்டவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்குள் அட்டைகளை வைத்துத்தான் பட்டுத் துணியைக் காப்பாற்றினார்கள்.

கல்முனை (மீண்டும்): எங்கள் வாடிக்கையாளர்கள் தாழ்ந்த கைக்குழியைத்தானே கேட்கிறார்கள்?

பதில்: தளர்வான சட்டைக்கு அது பொருந்தும்; அங்கே இடுப்பில் துணி தாராளமாக இருப்பதால் சட்டை ஏறினாலும் தெரியாது. இடுப்பில் இறுகப் பிடிக்கும் உடுப்பில் மறைக்க இடமில்லை. உங்கள் கடையிலேயே சோதிக்கலாம். பழைய படுக்கை விரிப்பில் ஒரே அளவில் இரண்டு உடற்பகுதிகளை வெட்டி, ஒன்றின் கைக்குழியை மட்டும் மூன்று சென்ரிமீற்றர் தாழ்த்தி, அதற்கேற்ற கைகளைப் பொருத்தி, இரண்டையும் அணிவித்துக் கையை உயர்த்தச் சொல்லுங்கள். 20 ஆண்டு அனுபவமுள்ள கண்ணுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஏறாவூர்: கை உயரவில்லை. கைக்குழியைப் பெரிதாக்கவா?

பதில்: இல்லை. அக்கரைப்பற்று வாசகிக்கு எழுதியதைப் படியுங்கள்.

காத்தான்குடி: 1830களின் பெரிய கை தைத்தேன், தொய்ந்து கிடக்கிறது.

பதில்: அந்தக் கை தானாக நிற்கவில்லை. மென்னிறகு அடைத்த சிறு தலையணைகளை மேற்கையில் கட்டித்தான் நிறுத்தினார்கள். நம் வெக்கையில் இறகு தாங்காது. விறைப்பான வலைத்துணியை இரண்டு அடுக்காகச் சுருக்கி உள்ளே இணையுங்கள். தோள்தையல் தோள் எலும்பைத் தாண்டி மேற்கையில் இறங்கியிருக்க வேண்டும். கதை 1836க்குப் பிற்பட்டதென்றால் இந்தக் கையே வேண்டாம். உப்பல் அப்போது முழங்கையை நோக்கி இறங்கிவிட்டது.

வாழைச்சேனை: வடமோடிக் கூத்தில் அரசனின் உடுப்புக்குக் கை எப்படி வெட்டுவது?

பதில்: உங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைக் கேளுங்கள். அதில் அவர் சொல்லே முடிவு.

மருதமுனை: எங்கள் கைத்தறித் துணியில் 1890களின் கவுன் தைக்கலாமா? மேற்கை ஏற்கெனவே இறுக்கமாக வருகிறது.

பதில்: தாராளமாகத் தைக்கலாம், வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். மேற்கையின் சுற்றளவை முழங்கையை மடக்கிவைத்தே அளக்க வேண்டும். நீட்டிய கையில் அளப்பதால்தான் இந்த இறுக்கம். இரண்டு துண்டுக் கையாக இருந்தால் பின்தையலைப் பிரித்து ஒரு நீளப்பட்டி சேருங்கள், கண்ணில் படாது. கைக்குழியைத் தொட வேண்டாம்.

திருக்கோவில்: கையின் முன்பக்கத்தில் சாய்வாகச் சுருக்கம் விழுகிறது. கைக்குழியை வெட்டினால்...

பதில்: வெட்டாதீர்கள். நான்காவது முறையாகச் சொல்கிறேன். மேற்பாதித் தையலை மட்டும் பிரித்து, பிள்ளை கையை இயல்பாகத் தொங்கவிட்டு நிற்கும்போது, கையின் நூலோட்டம் (துணியின் நெடுக்கிழை செல்லும் திசை) தோளிலிருந்து நேர்கீழாக விழும்வரை கையை ஒரு சென்ரிமீற்றர் முன்னாகச் சுழற்றிக் குண்டூசியிட்டுப் பாருங்கள். சுருக்கம் மறைந்த இடத்தில் தைத்துவிடலாம்.