அமெரிக்க ஆர்டர்: "சென்னை நீதிமன்றம்" என்று போட்டால் போதுமா?

வணக்கம் சார். அம்பத்தூரில் வால்வு செய்து டெக்சாஸுக்கு அனுப்பப் போகிறீர்கள். தகராறு வந்தால் சென்னை நீதிமன்றம்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் போதுமா எனக் கேட்டிருந்தீர்கள். போதாது. இங்கே ஜெயித்து வாங்கும் டிக்ரியை (நீதிமன்றத் தீர்ப்பாணையை) அங்கே நேரடியாக நிறைவேற்ற முடியாது. அதை வைத்து அங்கே மறுபடி வழக்குப் போட வேண்டும். பட்டவன் சொல்கிறேன்: என் டிக்ரி நகல் ஆறு வருடமாக பீரோவில் அந்துருண்டையோடு தூங்குகிறது.

பேசாமல் ஆர்பிட்ரேஷன் ஷரத்து போடுங்கள்; அதாவது, தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பார் என்று எழுதுங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று அமல்படுத்துவதற்கான 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருப்பதால், நடுவர் தீர்ப்பை அங்கே அமல்படுத்துவது எளிது. 'சீட்' (நடுவர் விசாரணைக்குச் சட்டப்படியான இடம்) எந்த ஊர், எந்த நாட்டுச் சட்டம், எத்தனை நடுவர் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மூன்று நடுவர் என்றால் செலவு தாங்காது, ஒருவரே போதும். அப்புறம், முதல் ஆர்டருக்கு எல்.சி. (வாங்குபவரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்றுத் தரும் கடிதம்) கேட்கக் கூச்சப்படாதீர்கள்.