காலையில் பசிக்காததற்குக் காரணம் ராத்திரியில் இருக்கிறது

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், நீட் பயிற்சிக்கும் போகிறாள். காலையில் ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு வேன் ஏறிவிடுகிறாள். மதிய டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால், அவள் அப்பா டெஸ்ட் மார்க் கேட்டதும் பாதியில் எழுந்துவிடுவாள். அப்புறம் பதினொன்றரை மணிக்கு மேல் நூடுல்ஸ், சிப்ஸ், மிக்சர். படுக்க ஒரு மணி ஆகிறது, ஐந்தரைக்கு எழுப்பிவிடுகிறோம். நெஞ்செரிச்சல், தலைவலி என்கிறாள். மெடிக்கலில் வாங்கிய கேஸ் மாத்திரை போட்டால் நிற்கிறது, திரும்ப வருகிறது. 5 மாதத்தில் 4 கிலோ கூடியிருக்கிறது. இந்த முறை மாதவிலக்கும் 20 நாள் தள்ளிப்போயிருக்கிறது. பசி எடுக்க நல்ல டானிக் ஒன்று சொல்லுங்களேன்.
- ஒரு தாய், ராசிபுரம்

பதில்: டானிக் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பசிக்கென்று விற்கும் சிரப்புகள் பலவற்றில் இருப்பது சிப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து. பசியைக் கிளப்பும்தான். கூடவே தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கும், எடையையும் ஏற்றும். உங்கள் மகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அவளுக்குப் பசி இல்லாமல் இல்லை, நேரம் மாறி வருகிறது, அவ்வளவுதான். பகல் முழுக்க அடங்கிக் கிடந்த பசிதான் பதினொன்றரை மணிக்கு நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறது. அதைச் சாப்பிட்ட சூட்டோடு படுத்தால் வயிற்று அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரியும். காலையில் வாய் புளித்து, குமட்டலாக இருக்கும். அந்த நிலையில் நான்கு இட்லியை நீட்டினால் யாருக்கு இறங்கும்?

இதில் தூக்கத்தின் பங்கு பெரிது. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, அவளுக்குக் கிடைப்பதோ நாலரை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். பரீட்சை பயமும் இரண்டு விதமாக வேலை செய்யும். தேர்வு நாள் காலையில் வரும் திடீர் பதற்றத்தில் அட்ரினலின் வயிற்றின் வேலையையே மந்தமாக்கிவிடும், தோசை தொண்டையில் நிற்கும். அதே பயம் மாதக்கணக்கில் நீடித்தால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறி, இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கேட்கும். அவள் சிப்ஸ் தேடுவது வெறும் நாக்கு ருசிக்காக இல்லை.

ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். மூன்று நாள் என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்கு என்று எழுதி வா என்றேன். பிசிக்ஸ் மாதிரித் தேர்வுத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வந்தான். மதியம் 1 மணிக்கு நேராக ‘தயிர்சாதம், 3 ஸ்பூன்’. இரவு 8.30-க்கு நேராக ‘அப்பா’ என்று மட்டும் இருந்தது, சாப்பாட்டின் பெயரே இல்லை. அதன் கீழே 11.40, 12.15, 12.50 என்று பிஸ்கட், முறுக்கு, டீ.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய அந்த மார்க் வரியில் நான் நின்றுவிட்டேன். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இன்றைக்கே மாற்றக்கூடியது அது ஒன்றுதான். அவள் அப்பாவிடம் சொல்லுங்கள்: தட்டு முன்னால் மார்க் பேச்சு கூடாது. கேட்டே ஆக வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட்கட்டும். அவருக்கும் கவலைதான், எனக்குப் புரிகிறது.

ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவாருங்கள், வயிறு நிறையச் சாப்பிடட்டும். பதினொரு மணிக்கு விளக்கை அணைக்கட்டும். ‘ஒரு மணி வரை படித்தால்தான் சீட்’ என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். பத்து மணிக்குப் பசித்தால் ஒரு வாழைப்பழம் அல்லது ஒரு டம்ளர் பால். மாலை நான்குக்கு மேல் காபி, எனர்ஜி டிரிங்க் வேண்டாம். காபியின் வீரியம் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்.

காலையில் கட்டாயப்படுத்தாதீர்கள். முதல் வாரம் ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி போதும். பொடி தடவிய இரண்டு இட்லியைத் தனியாகக் கட்டிக்கொடுங்கள், முதல் இன்டர்வெல்லில் சாப்பிடட்டும். ராத்திரி வயிறு கனக்காமல் படுத்துப் பழகினால் காலைப் பசி தானாக வரும், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். மதிய டப்பாவைச் சின்னதாக்கி, சோற்றைக் குறைத்து முட்டையோ சுண்டலோ வையுங்கள்.

சரி, பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றும் பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் இந்த வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் அளவு 12-க்குக் கீழே இருந்தால் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு சேர்த்துப் போடக் கூடாது, சத்து உடம்பில் சரியாகச் சேராது. எடை கூடியதும் தூக்கமின்மையும் மாதவிலக்கைத் தள்ளிப்போடலாம்தான். ஆனாலும் பிசிஓஎஸ் எனும் சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். கேஸ் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டாம்.

சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறாளா, வாந்தி எடுக்கிற சத்தம் கேட்கிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, வயிற்று வலியில் தூக்கம் கலைந்து எழுகிறாளா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். ‘எதுவுமே பிடிக்கலம்மா, இருக்கவே வேண்டாம்னு இருக்கு’ என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள், அவளைத் தனியாக விடாதீர்கள். ராத்திரி நேரமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

டாக்டரிடம் போகும்போது அவளையும் மூன்று நாள் கணக்கு எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள். கேள்விகளுக்கு அவளே பதில் சொல்லட்டும். அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டர் சொல்வார், அந்தப் பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள்.