பூனைக்கு ஊசி போடவா இவ்வளவு படிப்பு?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள்: "பூனைக்கு ஊசி போடவா இவ்வளவு கஷ்டப்பட்டு இந்த நாட்டுக்கு வந்தோம்?" மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தாதிப் படிப்புக்கு இடம் கிடைக்கக்கூடிய புள்ளிகள் இருக்கின்றன. அவளோ அவசர மிருக ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாகத்தான் வேலை செய்வேன் என்று நிற்கிறாள். அப்பா இரண்டு கிழமையாக அவளோடு கதைப்பதில்லை. உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வேலை என்னவென்று சரியாகத் தெரியாமலே வீட்டில் சண்டை நடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

சில வருடங்களுக்கு முன், மாரிகாலத்து இரவொன்றில், எங்கள் வீட்டுக் கடுவன் பூனையைத் தூக்கிக்கொண்டு அப்படி ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மண்தட்டில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு பகல் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கு முன் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். இளம் பெண் ஒருத்தி வந்தாள். படிவம் எதுவும் கேட்கவில்லை. பூனையின் வயிற்றுக்குக் கீழே கையை வைத்தாள். "கடைசியாக எப்போது சிறுநீர் போனது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "மூத்திரப்பை கல் மாதிரி இருக்கிறது, இவனை இப்போதே உள்ளே கொண்டுபோகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினார்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது ஏற ஏற இதயம் தளர்ந்து நின்றும்விடும். இன்னொரு அறையில் சத்திரசிகிச்சையில் இருந்த வைத்தியர் வந்து சேர்வதற்குள், அந்தப் பெண் முன்காலில் மயிரை வழித்து ஊசிக்குழாய் ஏற்றி, இதயத்துடிப்புக் கருவியை மாட்டி, இரத்தத்தை இயந்திரத்தில் வைத்து முடித்திருந்தாள். என்ன மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்தது வைத்தியர். அந்த முடிவை எடுக்க ஓர் உயிருள்ள பூனை மேசையில் கிடந்ததற்குக் காரணம் அவள். அவள்தான் டெக்னீஷியன். உங்கள் மகள் கேட்பது அந்த இடத்தை.

கனடாவில் நாம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் நோய் இன்னது என்று தீர்மானிப்பதும், மருந்து எழுதிக்கொடுப்பதும், சத்திரசிகிச்சை செய்வதும் வைத்தியருக்கே உரியவை. மிச்சத்தில் பெரும்பகுதி டெக்னீஷியன் கையில் இருக்கிறது: வந்த விலங்குகளில் எதை முதலில் பார்ப்பது என்று பிரிப்பது, இரத்தம் எடுப்பது, எக்ஸ்ரே, மயக்கமருந்து கொடுத்திருக்கும்போது மூச்சையும் துடிப்பையும் கவனிப்பது. பிரிக்கும் வேலையில் ஈறையும் பார்ப்பார்கள். விரலால் அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் அந்த நாய் வரிசையில் நிற்காது. இதயம் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்தவேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். இதற்கென்றே நாய் பூனைகளுக்கான வழிகாட்டி 2012-இல் வெளிவந்து 2024-இல் புதுப்பிக்கப்பட்டது. நல்ல மனசு மட்டும் இருந்தால் செய்துவிடக்கூடிய வேலை இல்லை இது.

படிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும், இதில்தான் பல குடும்பங்கள் பணத்தை விடுகின்றன. 'மிருக வைத்திய உதவியாளர்' என்ற சான்றிதழ் வேறு, 'பதிவுபெற்ற டெக்னீஷியன்' வேறு. சில மாதங்களில் முடியும் உதவியாளர் படிப்பை முடித்தவர் டெக்னீஷியன் தேர்வுக்கு உட்காரமுடியாது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படிக்கவேண்டும். செனெக்கா, பிராம்ப்டனில் ஷெரிடன், ஒரிலியாவில் ஜோர்ஜியன், குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ரிட்ஜ்டவுன் வளாகம் எல்லாம் இந்தப் படிப்பை நடத்துகின்றன. வேறெந்தக் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்தாலும், ஒன்ராறியோ டெக்னீஷியன்கள் சங்கத்தின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு டொலரும் கட்டாதீர்கள். படிப்பு முடிந்ததும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொதுவான தேசியத் தேர்வு இருக்கிறது: மூன்று மணித்தியாலம், 170 கேள்விகள், அதில் 150-க்குத்தான் புள்ளி. நாளைக்கு அவள் வேறு மாகாணத்துக்கோ எல்லை தாண்டியோ போனாலும் அந்தத் தேர்வு கைகொடுக்கும். 2024-இல் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அதே அமைப்புக்குள் டெக்னீஷியன்களையும் கொண்டுவருகிறது. "இது ஒரு தொழிலா?" என்று கேட்கும் அப்பாவிடம் இதைக் காட்டுங்கள்.

அவசர சிகிச்சையில் சிறப்புத் தகுதியும் உண்டு. வட அமெரிக்காவில் டெக்னீஷியன்களுக்கென்று 1996-இல் முதலில் ஏற்கப்பட்ட சிறப்புத்துறையே இதுதான். ஆனால் பல வருட அவசர வேலையும், தான் பார்த்த விலங்குகளைப் பற்றிய விரிவான குறிப்புகளும் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே விடுவார்கள். அது இப்போதைய பேச்சு இல்லை.

"பிறகு இதிலிருந்து மிருக வைத்தியராகலாம்தானே?" என்று கேட்டிருந்தீர்கள். நேரடியாக முடியாது. குவெல்ஃபில் வைத்தியப் படிப்புக்குப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். டெக்னீஷியன் டிப்ளோமா மட்டும் போதாது. அவள் மனதில் உண்மையில் வைத்தியராகும் ஆசைதான் இருக்கிறது என்றால் இப்போதே வேறு வழியில் போகட்டும். இதைப் படிக்கட்டாக நினைத்து வருகிறவர்கள் இரண்டு பக்கமும் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்தையும் மறைக்கமாட்டேன். மனிதருக்கான ஆஸ்பத்திரியில் பதிவுபெற்ற தாதி வாங்குவதைவிடக் குறைவு. இரவு வேலைக்குச் சில இடங்களில் கூடுதலாகக் கொடுப்பார்கள். பன்னிரண்டு மணித்தியால இரவுகள், நத்தார், புதுவருடம், பொங்கல் எதுவும் தப்பாது. கடி, கீறல் வரும், முதுகு நோகும். விசர்நாய்த் தடுப்பூசி முன்கூட்டியே போடவேண்டும். அந்தச் செலவைக் கல்லூரிக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இவற்றைவிடப் பாரமானது ஒன்று இருக்கிறது. காப்பாற்றக்கூடிய நாயை, காசில்லாமல், கருணைக்கொலை செய்யச் சொல்லி அழும் குடும்பத்தின் முன் அவள் நிற்கவேண்டி வரும். ஒரே இரவில் இரண்டு மூன்று தடவைகூட. அடுத்த அறையில் இன்னொரு நாய்க்கு மருந்தின் அளவைக் கிலோக் கணக்கில் பிழையில்லாமல் போடவும் வேண்டும். ஆகவே மகளிடம் "உனக்கு மிருகங்களில் விருப்பமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாப் பிள்ளையும் ஓமென்றுதான் சொல்லும். பக்கத்தில் ஒருவர் கத்தி அழும்போது அவளால் கணக்குப் போடமுடியுமா என்று பாருங்கள். அழுகை வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்தபிறகு அழுது, சாப்பிட்டு, நித்திரை கொள்ளத் தெரிந்த பிள்ளைகள்தான் இதில் நிலைக்கிறார்கள். அடக்கி வைப்பவர்கள் சில வருடத்தில் தொழிலையே விட்டுவிடுகிறார்கள்.

இதை வீட்டில் இருந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. பாடசாலையில் கோ-ஒப் திட்டம், அதாவது வேலையிடத்தில் பழகிப் படிக்கும் பாடம், இருக்கிறது. அடுத்த பருவத்தில் ஒரு சாதாரண மிருக வைத்தியசாலையில் இடம் கேட்கச் சொல்லுங்கள். பாடசாலைச் சான்றிதழுக்குச் செய்யவேண்டிய 40 மணித்தியாலத் தொண்டு இன்னும் பாக்கியிருந்தால் அதை ஒரு விலங்குக் காப்பகத்தில் செய்யட்டும், கூடு கழுவுவதிலிருந்து. அதன்பிறகு ஓர் அவசர ஆஸ்பத்திரிக்கு நேரில் போய், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஓரமாக நின்று பார்க்க விடுவீர்களா என்று கேட்கவேண்டும். வயது, காப்புறுதி என்று சில இடங்களில் மறுப்பார்கள். இன்னோர் இடத்தில் கேட்கட்டும். அங்குள்ள டெக்னீஷியன்களிடம் ஒரு ஆளுக்கு இரவில் எத்தனை விலங்கு, புதிதாக வருபவருக்குப் பக்கத்தில் நின்று பழக்குவது யார், கடைசியாக வேலையை விட்டவர் ஏன் விட்டார் என்று அவளே கேட்கட்டும். படிப்பு முடித்ததும் நேரே அவசரப் பிரிவுக்குப் போகாமல், சாதாரண வைத்தியசாலையில் ஒரு வருடம் கையைப் பழக்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். நடுங்கும் நாயில் நரம்பு பிடிக்கப் பகலில் பழகியிருந்தால் நள்ளிரவில் கை நடுங்காது.

அந்த வெள்ளிக்கிழமை அவளை ஏற்றிக்கொண்டு போவது அப்பாவாக இருந்தால் நல்லது. உள்ளே வரத் தேவையில்லை, காத்திருக்கும் மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் இருக்கட்டும். திரும்பி வரும்போது காருக்குள் இருவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஒன்ராறியோக் கல்லூரிகளுக்குப் பெப்ரவரி 1-க்குள் விண்ணப்பித்துவிடுவது நல்லது. தாதிப் படிப்புக்கான விண்ணப்பத்தையும் அவள் அனுப்பி வைக்கட்டும்; எதை எடுப்பது என்று வசந்தகாலத்தில் மூவரும் இருந்து பேசலாம்.