ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டால் ஷாக் அடிக்காதா?

கேள்வி: எல்.இ.டி. டிவி பவர் போர்டின் ஹாட் கிரவுண்டில் (மெயின் கரண்ட் பக்கத்தின் நெகட்டிவ் லைன்) ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) கிளிப்பை மாட்டியதும் பட்டென்று வெடித்து எம்.சி.பி. விழுந்தது. பிரிட்ஜ் டையோடும் பியூஸும் போய்விட்டன. 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் (மெயினோடு ஒயர் தொடர்பில்லாமல் அதே வோல்டேஜைத் தருவது) வாங்கினால் பயமில்லாமல் வேலை செய்யலாமா?

பதில்: வெடிப்பது நிற்கும். ஷாக் அடிப்பது நிற்காது.

ஸ்கோப்பின் கிளிப் அதன் மூன்றாவது பின் வழியாக நேராக எர்த்துக்குப் போகிறது. பேஸ் நெகட்டிவாகும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஹாட் கிரவுண்ட், பிரிட்ஜ் டையோடு வழியாகப் பேஸோடு சேர்ந்துவிடும். அந்த இடத்தில் கிளிப் மாட்டுவது பேஸையும் எர்த்தையும் ஷார்ட் செய்வதுதான். இதற்குப் பயந்து சிலர் ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ஸ்கோப்பின் உலோகப் பாகமெல்லாம் கரண்டாகிவிடும். ஐசோலேஷன் டிவிக்கு மட்டும்; ஸ்கோப் எர்த்தோடுதான் இருக்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மரின் செகண்டரிக்கும் (அவுட்புட் வைண்டிங்) எர்த்துக்கும் தொடர்பில்லாததால் ஒரு முனையை மட்டும் தொட்டால் உடம்பு வழியாகக் கரண்ட் திரும்ப வழியில்லை. ஆனால் கிளிப்பை மாட்டிய நொடியே அந்தப் பாதுகாப்பு தீர்ந்துபோகிறது. ஹாட் கிரவுண்ட் இப்போது எர்த். ஒரு கை ஸ்கோப்பின் உலோகப் பாகத்திலோ, கால் ஈரத் தரையிலோ இருக்க, மறு கை 325 வோல்ட் கெப்பாசிட்டரில் பட்டால் முழு அடி. வீட்டு ஆர்.சி.சி.பி.யும் (எர்த்துக்குக் கசியும் கரண்டைக் கண்டு சப்ளையை நிறுத்தும் பிரேக்கர்) விழாது, ஏனென்றால் அந்தக் கரண்ட் செகண்டரிக்குள்ளேயே சுற்றுகிறது. ஒரு கை பாக்கெட்டில், காலில் ரப்பர் செருப்பு, ஒரே சமயத்தில் ஒரே செட்: இதை விடாதீர்கள்.

டிம்மர்ஸ்டாட்டில் (வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் கருவி) உள்ளே இருப்பது ஒரே வைண்டிங், வோல்டேஜ் ஸ்டெபிலைசரிலும் பெரும்பாலும் அப்படித்தான். அவை ஐசோலேஷன் ஆகாது. வாங்கும்போது பிளக்கைக் கழற்றி பிரைமரிக்கும் செகண்டரிக்கும், செகண்டரிக்கும் எர்த் பின்னுக்கும் மீட்டர் வையுங்கள். இரண்டும் ஓப்பனாக வேண்டும். சிலவற்றில் செகண்டரியின் ஒரு முனையை உள்ளேயே எர்த்தில் கட்டியிருப்பார்கள். சப்ளை கொடுத்தபின் செகண்டரிக்கும் எர்த்துக்கும் டிஜிட்டல் மீட்டர் 80, 100 வோல்ட் காட்டினால் பதற வேண்டாம். அங்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் சில வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் இன்சுலேஷன் போயிருக்கிறது.

32 இன்ச் செட்டுக்கு 500 வி.ஏ. போதும். முதல் ஆனுக்கு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வையுங்கள்.

ஆஃப் செய்த பிறகும் மெயின் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், இன்சுலேட் செய்த கிளிப்களில் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை ஐந்து விநாடி பிடித்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை மீட்டரில் பார்த்த பிறகே போர்டைத் தொடுங்கள்.