உடைந்த தண்டை ஒட்டாதீர்கள், கம்பி போடுங்கள்

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா, மேசையில் வைத்து விளையாடும் விண்வெளிப் போர் விளையாட்டின் குட்டிக் கப்பல்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறார். வந்து சேர்ந்தபோது அவற்றைத் தாங்கும் தெளிந்த பிளாஸ்டிக் தண்டுகளில் பாதி முறிந்து கிடந்தன. சில துண்டுகள் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே இறுகிவிட்டன. சுப்பர் குளூ போட்டேன். தண்டு வெள்ளையாகப் பூத்துப்போய், அடுத்த நாளே திரும்பவும் முறிந்தது. உலோகக் கப்பல் ஒன்று நிற்கவே மாட்டேன் என்று குப்புற விழுகிறது. கொழும்பில் ஒருவர் ‘ஒரிஜினல்’ ஸ்டாண்ட் எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
— கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி. உங்களுக்குத் தேவையானது சைக்கிள் கடையிலும் ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் அந்தத் தரகர் விடயத்தை முடித்துவிடுவோம்.

‘ஒரிஜினல்’ என்று என் கைக்கு வந்தவற்றில் பல, அக்ரிலிக் தகட்டை லேசரில் வெட்டி எடுத்தவை. கண்டுபிடிப்பது சுலபம். அச்சில் வார்த்த பொருளில் இரண்டு அச்சுகளும் சேர்ந்த கோடு மெல்லிசாகத் தெரியும். பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த இடத்தில் ஒரு வெட்டுத்தழும்பும் இருக்கும். லேசரில் வெட்டியதற்கு இரண்டும் இராது. விளிம்பு பளபளவென்று, சற்றுச் சரிவாக இருக்கும். லேசரின் சூடு அந்த விளிம்பில் இறுக்கத்தை விட்டுவிட்டுப் போகிறது. பிறகு ஒரு நாள் கை கழுவும் ஸ்பிரிட்டால் துடைத்தீர்களென்றால், ஓரம் முழுக்க மயிரிழை வெடிப்புகள் ஓடும். முற்பணம் வாங்கியவர் அப்போது தொலைபேசி எடுக்க மாட்டார். படத்தில் காட்டியது ஒன்று, வந்தது இன்னொன்று என்று புலம்பியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இவர்கள் ஏன் பிழைக்கிறார்கள்? சில கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தண்டை நேரடியாக வரவழைத்தால், உள்ளே என்ன இருக்கிறது, பெறுமதி என்ன என்று வெளியே தெளிவாக எழுதியிருந்தாலும் சில வேளை சுங்கத்தில் விளக்கம் கேட்டு நிறுத்தி வைக்கிறார்கள். அதை நேரில் போய்த் தீர்ப்பது கொழும்பில் இருப்பவருக்கு ஒரு பஸ் பயணம். வன்னியில் இருப்பவருக்கு ஒரு நாள் கூலியும் போய், இரவு பஸ்ஸில் நித்திரையும் போய்விடும். அந்தத் தூரத்தைத்தான் தரகர் விலையாகப் போடுகிறார். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. ஒரு சாண் தண்டுக்காக இன்னும் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முறிந்த தெளிந்த தண்டை எந்தப் பசையாலும் ஒட்ட வேண்டாம். சுப்பர் குளூ இறுகும்போது அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். நீங்கள் கண்ட பூப்பு அதுதான். மாரி காலத்தில் இன்னும் மோசமாக வரும். அதைவிட, அந்தப் பசை இறுகினால் நொறுங்கும் தன்மை உடையது. மேலே கப்பலின் பாரம், பக்கவாட்டில் கை ஒரு தட்டு, அவ்வளவுதான். பூத்த படலத்தை மெல்லிய துணியில் பித்தளை துலக்கும் பிராஸோ தொட்டு மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் போகும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள அசிற்றோன் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

கப்பலுக்குள் இறுகிய துண்டை எடுக்க ஊசியைச் சூடாக்கிக் குத்தாதீர்கள். கப்பலும் சேர்ந்து உருகும். மணிக்கூடு திருத்துபவர்கள் விரலால் சுற்றும் சின்னக் கைத்துரப்பணம் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் 1 மில்லிமீற்றர் அலகைப் பூட்டி, துண்டின் நடுவில் வைத்து, அழுத்தாமல் சுற்றுங்கள். வெள்ளைச் சுருள் வெளியே வரும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை அலகை வெளியே எடுத்துச் சுருளைத் தட்டிவிடுங்கள்; விட்டால் சூடேறி ஒட்டிக்கொள்ளும். மின்சாரத் துரப்பணம் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். துளை நாலைந்து மில்லிமீற்றர் இறங்கியதும் மூக்குக்கண்ணாடியில் போடும் குட்டித் திருகாணி ஒன்றை அதற்குள் கையால் முறுக்கி, தலையைக் குறட்டால் பிடித்து நேராக இழுங்கள். பசை போடாத துண்டு இதற்கு வந்துவிடும். நீங்கள் குளூ ஊற்றியவை வராது. அவற்றை 1.5, பிறகு 2 மில்லிமீற்றர் அலகால் துளைத்து அப்படியே விட்டுவிடுங்கள். அந்தத் துளைதான் இனி நமக்கு வேண்டும்.

இப்போது சைக்கிள் கடைக்குப் போய் ஸ்போக் கம்பியும், அதைச் சில்லின் வளையத்தோடு பூட்டும் நிப்பிளும் வாங்குங்கள். சாதாரணக் கம்பி 2 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு நுனியில் மரை வெட்டியிருக்கும். அடித்தட்டின் நடுவில் 4 மில்லிமீற்றர் துளை போட்டு, நிப்பிளைக் கீழிருந்து மேலாகச் செருகி, அரல்டைட் (இரண்டு குழாயைக் கலந்து பூசும் பசை) வைத்து இறுக விடுங்கள். நிப்பிளின் தலை கீழே சற்றுத் துருத்தும். விளையாட்டோடு வரும் அடித்தட்டுகள் பல அடியில் குழிவானவை, அதனால் பிரச்சினை இல்லை. தட்டையான தகடென்றால் தலையைச் சுற்றி ஒரு தடித்த வொஷரை ஒட்டினால் மட்டம் சரியாகும், பாரமும் கூடும். கம்பியை வேண்டிய உயரத்துக்கு வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் வடிவாகத் தேய்த்து, கப்பலின் துளையில் அரல்டைட் வைத்து நிறுத்துங்கள். மரைப் பக்கத்தை அடித்தட்டில் திருகலாம், கழற்றலாம். மினுங்காத கறுப்புப் பூச்சு ஒன்று அடித்தால் மேசையில் கண் கம்பிக்குப் போகாது.

உலோகக் கப்பல் விழுவதற்குத் தண்டைக் குறை சொல்ல வேண்டாம். இப்படிக் கப்பல்களை வார்க்கும் வெள்ளை உலோகத்தில் பெரும்பகுதி வெள்ளீயம். அதே அளவு பிளாஸ்டிக்கைவிட ஆறேழு மடங்கு பாரம். மேசையில் ஒரு பென்சிலைக் கிடத்தி, கப்பலை அதன்மேல் குறுக்கே வைத்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. அந்தக் கோட்டில்தான் துளை வர வேண்டும். தொழிற்சாலைத் துளை வேறிடத்தில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். பழைய உலோகக் கப்பல்களில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் தூளை ஊத வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துக் கையைக் கழுவுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் என் பேச்சைக் கேட்காதீர்கள்: அடித்தட்டின் அளவு. உங்கள் விருப்பத்துக்குப் பெரிய தட்டுப் போட்டால் கப்பல் உறுதியாக நிற்கும், உண்மைதான். ஆனால் மற்றவர்களோடு விளையாட நினைத்தால் அளவை மாற்றவே கூடாது. 2012 இல் ஃபான்டசி ஃபிளைட் கேம்ஸ் கொண்டுவந்த எக்ஸ்-விங் விளையாட்டில் சிறிய கப்பலின் தட்டு 40 மில்லிமீற்றர் சதுரம், பெரியதற்கு 80. சுடும் தூரத்தை அந்தத் தட்டிலிருந்து அளக்கிறார்கள். நகர்த்தும் அளவுகோல் தட்டின் விளிம்பிலுள்ள முளைகளுக்கு நடுவில் பொருந்த வேண்டும். கேம்ஸ் வேர்க்ஷொப் 1999 இல் வெளியிட்ட பட்டில்ஃபிளீட் கோத்திக்கில் தூரத்தைத் தண்டிலிருந்து அளக்கிறார்கள்; ஆனால் எதிரி ஏவும் டோர்ப்பிடோ பட்டதா இல்லையா என்பது அது தட்டில் தொட்டதா என்பதைப் பொறுத்தது. அங்கே வட்டத்தட்டு 32 அல்லது 60 மில்லிமீற்றர். தட்டைப் பெருப்பித்தால் உங்கள் கப்பல் அதிகம் அடிபடும். சிறுப்பித்தால் எதிரில் இருப்பவர் ஏமாற்று என்பார், அவர் சொல்வது சரி. ஆகவே பாரத்தைக் கூட்டுங்கள், பரப்பைக் கூட்டாதீர்கள். உயரம் இந்த இரண்டு விளையாட்டிலும் கணக்கில்லை. அதனால் கம்பியைக் கொஞ்சம் கட்டையாக வெட்டுங்கள். உலோகக் கப்பலுக்கு அது நல்லதும்கூட.

வெடித்த அடித்தட்டு அக்ரிலிக் என்றால் அதை மாத்திரம் ஒட்டலாம். உடைந்த சின்னத் துண்டொன்றை வெளியில் வைத்து எரித்துப் பாருங்கள். கரும்புகை தள்ளினால் பொலிஸ்டைரீன். புகை குறைந்து பழவாசம் வந்தால் அக்ரிலிக். நான் பொய்ப்பல் கட்டும் வேலை செய்பவன். பொய்ப்பல்லின் முரசுப் பகுதி இதே அக்ரிலிக்தான். அதற்குப் பாவிக்கும் மொனோமர் திரவத்தில் ஒரு துளி வெடிப்புக்குள் ஓடினால் இரண்டு பக்கமும் இளகி ஒன்றாகிவிடும். பல் ஆய்வுகூடத்துக்குத் தட்டைக் கொண்டுபோய், அங்கேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். தீப்பற்றும், தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதால் போத்தலை வீட்டுக்கு வாங்கிவர வேண்டாம்.

காந்தம் வைத்துப் பூட்டும் முறையும் உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த எண்ணமே வேண்டாம். இரண்டு குட்டிக் காந்தங்களை விழுங்கினால் குடலைத் துளைத்துவிடும்.

கடைசியாக, இந்தத் தண்டுகள் முறிந்ததே கப்பலோடு பூட்டியபடி பொதி செய்ததால்தான். அடுத்த பெட்டிக்கு முன் அண்ணாவுக்குச் சொல்லுங்கள்: தண்டுகளைக் கழற்றி வேறு பையில் போட்டு, கப்பல்களைத் தனித்தனியாகச் சுற்றட்டும். வெளியே பாவித்த விளையாட்டுப் பொருள் என்று ஆங்கிலத்தில் எழுதி, உண்மையான பெறுமதியையும் போடட்டும். பிளாஸ்டிக் ஒட்டும் பசைப் போத்தலை உள்ளே வைக்க வேண்டாம். தீப்பற்றும் திரவத்தை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள், அதற்காகவே முழுப் பெட்டியும் நின்றுவிடும்.