வாசகர் கேள்வி: சபை தாண்டிய விருது

கேள்வி: கிறிஸ்தவத் திருச்சபை தரும் அமைதி விருது வேறு மதத்தினருக்கும் கிடைக்குமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கிடைத்திருக்கிறது, சகோதரி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் டேவன்போர்ட். அங்குள்ள கத்தோலிக்க மறைமாவட்டம் வழங்குவது ‘பாசெம் இன் தெரிஸ்’ விருது. ‘பூமியில் அமைதி’ என்று பொருள். திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1963-ல் எழுதிய சுற்றுமடலின் பெயர் அது. வயிற்றுப் புற்றுநோயோடு எழுதினார். வெளியாகி இரண்டே மாதத்தில் இறந்துபோனார். அந்த மடலை நல்மனம் கொண்ட எல்லோருக்கும் என்றே எழுதியிருந்தார். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்த வார்த்தைதான்.

1965-ல் மார்ட்டின் லூதர் கிங், 1976-ல் அன்னை தெரசா என்று பலர் பெற்றிருக்கிறார்கள். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2015-ல் பெற்றவர் வியட்நாமின் புத்த துறவி திக் நாட் ஹான். முந்தைய ஆண்டுதான் பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்திருந்தது. 1967-ல் இவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தவர் அதே கிங். அந்த ஆண்டு அமைதி நோபல் யாருக்குமே தரப்படவில்லை. நண்பர் வாங்கிய விருது, ஐம்பது வருடம் கழித்து இவர் கைக்கு வந்தது. இதை எழுதும்போதே மனம் நெகிழ்கிறது.