ஐந்து வயது மகளின் ஹெல்மெட்: பெரிய அளவு வாங்கலாமா?

சகோதரி, திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணம் பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகையில் ஐந்து வயது மகள் நெற்றி வலிக்கிறதென்று அழுவதாகவும், இரண்டு அளவு பெரிதாக வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். சட்டைபோல ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று வாங்கும் பொருள் இல்லை இது. விழுகிற நேரத்தில் தொளதொள ஹெல்மெட் தலையைவிட்டு நழுவிவிடும்.

முதலில் தையல் டேப்பை எடுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே, பின்னந்தலை புடைப்பைச் சுற்றி அளந்து, அந்த சென்டிமீட்டர் கணக்கைக் கடையில் சொல்லுங்கள். பிள்ளையையும் கூட்டிப் போங்கள். போட்டுவிட்டு இடமும் வலமும் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். வாரை மாட்டி, பின்பக்கத்திலிருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள், கழன்று வரக்கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்.

வலிக்குக் காரணம் ஜடையாகவும் இருக்கலாம். என் மகளுக்கு அதுதான். உச்சிக் கொண்டையை விட்டு, கழுத்தோரம் தாழ்வாக இரட்டைச் சடை போட்டதும் அழுகை நின்றது. வீட்டில் கால் மணி நேரம் போட்டு விளையாட விடுங்கள். கழற்றியதும் நெற்றியில் ஒரே இடத்தில் ஆழமாகச் சிவந்திருந்தால் அந்த வடிவம் அவளுக்குப் பொருந்தவில்லை, வேறு மாடல் பாருங்கள்.

நான்கு வயது தாண்டினாலே சட்டப்படி ஹெல்மெட் வேண்டும். அதைவிட, அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் நெல் காயும்போது வண்டி எப்படி வழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.